துரையின் காதும் இஞ்சின் ஊசியும்

இஞ்சின் ரூமுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கு இஞ்சினைப் பற்றி நான் சொல்லித்தர அதிகமில்லை. வால்வு எப்போது திறக்கும், எண்ணெய் எவ்வளவு போகும் என்பதெல்லாம் இஞ்சினோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் கிழிந்துபோனால் இஞ்சினே சொல்லிவிடும். ஆனால் புத்தகத்தில் படம் போடாத பாகம் ஒன்று உண்டு. இஞ்சினுக்குப் பக்கத்தில் வந்து நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "சத்தம் சரியில்லையே" என்று சொல்கிற மனிதர்தான் அந்தப் பாகம். என் வேலைக்காலம் முழுவதும் மற்றப் பாகங்கள் எல்லாம் சேர்ந்து கொடுத்த தொல்லையைவிட இந்த ஒரு பாகம் கொடுத்த தொல்லை அதிகம். அதை எப்படிக் கையாளுவது என்பதை நான் கற்றது, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு விளையாட்டு விமான இஞ்சினிடம்.

நமுனுகுல மலைக்குக் கீழே, பசறை ரோட்டிலிருந்து பிரிந்து மேலே ஏறுகிற தோட்டம். பேர் வேண்டாம், அங்கே இருந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள், சிலர் பலசாலிகள். ஐம்பதுகளின் நடுப்பகுதி. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். இலையை உருட்டுகிற ரோலர்களையும் காயவைக்கிற விசிறிகளையும் ஒரே ஒரு ஆயில் இஞ்சின்தான் சுற்றியது. நான் அங்கே இரண்டாவது பிட்டர். பெரிய பிட்டர் வேலையை விட்டுவிட்டுப் பதுளையில் கராஜ் போடப் போய்விட்டார். அவருடைய வேலை காலியானது. அதைவிட முக்கியமாக, அவருடைய வீடு காலியானது.

இதை விளக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களில் பலருக்கு லயம் தெரியாது. பெரிய பிட்டர் என்றால் ஸ்டாப், அதாவது தோட்டத்து உத்தியோகத்தர். ஸ்டாப்புக்குத் தனி வீடு: இரண்டு அறை, பின்னால் தண்ணீர்க் குழாய், புகைக்கூடு வைத்த குசினி. இரண்டாவது பிட்டருக்குத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் ஒரே அறை, ஒரு காம்பரா. அதற்குள்தான் அடுப்பு, படுக்கை, பிள்ளைகள், மழை நாளில் ஆடு. என் மூத்த மகளுக்கு இழுப்பு நோய். அடுப்பு மூட்டினால் அவள் மூச்சு விசிலடிக்கும்.

"ஏங்க, அந்த வீட்டுல பொகைக்கூடு இருக்காம்" என்றாள் என் மனைவி. "பொகை வானத்துக்குப் போகுதாம். நம்ம வீட்டுல புள்ளைக்குள்ள போகுது."

சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போனாள்.

தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரர், எங்கள் பெரிய துரை, ஆளைத் தேர்ந்தெடுக்கிற முறை தனி. நாயோ குதிரையோ பிட்டரோ, கூட்டத்துக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்துவார். பதறுகிறதா என்று பார்ப்பார். பெரிய யுத்தத்தில் பீரங்கிப் படையில் இருந்தவர். இடது காது அந்த யுத்தத்திலேயே தங்கிவிட்டது. மிச்சமிருந்த வலது காதுக்கு இரண்டு காதின் கர்வம். ஒரு நாள், காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். துரைமார் படித்த தமிழ்ப் புத்தகத்தில் ஏவல் வினை மட்டும்தான் அச்சிட்டிருந்தார்கள்போல.

"பிட்டர். கிளப் வெளையாட்டு நாள் வருது. சின்னதொரை பிளேன் வுடு. நீ இஞ்சின் பாரு. பதுளையிலருந்து இன்னொரு பிட்டர் வரும். நான் ரெண்டு பேரையும் பாக்குறேன். நல்ல ஆளுக்கு வேலை. போ."

இப்படியாகத்தான் என் மகளின் மூச்சு ஒரு விளையாட்டுச் சாமானில் தொங்கியது.

அந்த விமானத்தைச் சின்னத்துரை தானே செய்திருந்தார். பெரிய துரைக்கு உதவித் துரையாக அவர் சீமையிலிருந்து வந்து அதிக நாளாகவில்லை. வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை. பறக்கும்போது அதற்கு இரண்டு மெல்லிய கம்பி கட்டியிருக்கும். அவர் நடுவில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு சுற்ற, அது வட்டமாகப் பறக்கும். இஞ்சின் நம் கட்டைவிரல் பருமன். முன்னால் காற்றுக்கு ஒரு துவாரம்; அதில் எண்ணெயைக் கூட்டிக் குறைக்க ஒரு ஊசி. ஊசியின் தலையை உள்ளே திருகினால் எண்ணெய் குறையும், வெளியே திருகினால் கூடும். பற்றவைக்க ஒரு சின்னக் கம்பிச்சுருள். அது பேட்டரியில் சிவக்கும், இஞ்சின் ஓடத் தொடங்கியதும் பேட்டரியைக் கழற்றிவிடலாம். இவ்வளவுதான். ஆனால் அந்த ஊசியை ஒரு மயிரிழை திருப்பினால் இஞ்சினின் குணமே மாறும். நான் பார்த்த இஞ்சின்களில் மாப்பிள்ளை வீட்டாரைப் போல நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

அதன் எண்ணெய் ஒருவகை ஸ்பிரிட்டும் விளக்கெண்ணெயும் சேர்ந்தது. ஸ்பிரிட் கொழும்பிலிருந்து வந்தது. விளக்கெண்ணெய் தோட்டத்து மருந்துச் சாலையிலிருந்து. லயத்துப் பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுக்க வைத்திருந்த அதே போத்தல். விமானம் குடித்த அளவுக்குப் பிள்ளைகள் தப்பினார்கள். அதனால்தான் விமானம் பறக்கிற பக்கமெல்லாம் பிள்ளைகள் கும்பிடாத குறையாக நின்றார்கள்.

இனி என் பிழைக்கு வருகிறேன். தேயிலை ஸ்டோரில் வேலை பார்த்தவன் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். இஞ்சின் கொஞ்சம் புகைத்தாலும் அன்றைய தூளில் அந்த வாடை ஏறும். கொழும்பில் ருசி பார்க்கிறவர் துப்பிவிட்டுக் கடிதம் எழுதுவார். ஆகவே எங்களுக்குப் புகை என்றால் பாவம். தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான எங்கள் டீமேக்கர், யாழ்ப்பாணத்துக்காரர், தினமும் காலையில் வெளியே வந்து சாமி கும்பிடுகிறவர் மாதிரி இஞ்சின் புகைக்குழாயை அண்ணாந்து பார்ப்பார். அதில் ஒன்றும் தெரியாவிட்டால்தான் உள்ளே போய்த் தேத்தண்ணி குடிப்பார்.

பங்களாவுக்குக் கீழே இருந்த பந்தடிக்கும் மைதானத்தில் முதல் ஒத்திகை. அந்தச் சின்ன இஞ்சின் புகைத்தது. புகைத்தது மட்டுமில்லை, பக்கவாட்டில் எண்ணெயைத் துப்பியது. எனக்குப் பொறுக்கவில்லை. ஊசியை உள்ளே திருகினேன். புகை மெலிந்தது. இன்னும் திருகினேன். புகை நின்றது, துப்பல் நின்றது, சத்தம் கம்பி இழுத்த மாதிரி நீண்டு கூவியது. பங்களாவில் நாய்கள் எழுந்து குரைத்தன. வேலியோரம் நின்ற டீமேக்கர் தலையாட்டினார்.

"இதுதான் சத்தம் பிட்டர். என்ன சுத்தம்."

சின்னத்துரை நடுவில் நின்றுகொண்டு கையை இல்லை இல்லை என்று ஆட்டினார். அது எனக்குப் போதும் போதும் என்று தெரிந்தது. விட்டேன். விமானம் எழும்பியது, கூவிக்கொண்டே பாதி வட்டம் போனது, அங்கே சட்டென்று வாய் மூடியது. பிறகு கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடிகளுக்கு மேலே போய் விழுந்து விசிறி ஒடிந்தது.

டீமேக்கர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "நல்ல சுத்தமாத்தான் விழுந்தது" என்றார்.

சின்னத்துரை திட்டவில்லை. செடிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கையில் விமானத்தை வைத்துக்கொண்டு, தெரிந்த தமிழை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார்.

"பிட்டர், கீழே நிக்கும்போது விசிறி காத்தைத் தள்ளு, கஷ்டம். மேலே போனா பிளேன் ஓடு, விசிறிக்கு லேசு. இஞ்சின் இன்னும் வேகமா சுத்து. அப்போ எண்ணெய் பத்தாது. சூடாகு. நிக்கும்."

"அப்ப கீழ எப்படி இருக்கணுங்க?"

"அசிங்கமா இருக்கணும். கொஞ்சம் நனைஞ்சு, கொஞ்சம் இருமி. மேலே போய் அது தானே சுத்தமாகு."

இதைவிட நல்ல பாடம் எனக்கு எந்த வாத்தியாரும் எடுத்ததில்லை. சொன்னவரோ எனக்குப் பத்து வயது இளையவர். அவர் இன்னொன்றும் காட்டினார். இஞ்சினை ஓடவிட்டு விமானத்தின் மூக்கை வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடி. சத்தம் கூடித் தெளிந்தால் ஊசி சரி. மூச்சு முட்டி அடங்கினால் எண்ணெய் போதாது. அதோடு, இடம் மாறினால் ஊசியும் மாறவேண்டும். மலையில் காற்று மெலிசு. அதற்கு எண்ணெய் குறைவாகப் போதும். பதுளை கீழே இருக்கிறது, காற்று கனம், அங்கே ஊசியை இன்னும் கொஞ்சம் வெளியே எடுக்கவேண்டும். அதற்குப் பிறகு மைதானத்தில் எத்தனையோ தடவை பறந்தது. நான் விட்டேன், அவர் சுற்றினார், பிள்ளைகள் பேதியில்லாமல் மகிழ்ந்தார்கள்.

விளையாட்டு நாளன்று பதுளை வெயிலில் கொதித்தது. கிளப் மைதானத்தைச் சுற்றித் துரைமார், துரைசானிமார், அவர்களுக்குக் குடை பிடிக்க ஆட்கள். பதுளைப் பிட்டர், கராஜ் போடப் போன எங்கள் பழைய ஆள் இல்லை, வேறொருவர், வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அந்த உடுப்பில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. அவர் நேரே போய்ப் பெரிய துரையின் வலது பக்கம் நின்றார். காது இருக்கிற பக்கத்தை விசாரித்து வந்திருக்கிறார், கெட்டிக்காரர்.

விமானத்தை ஓடவிட்டேன். மூக்கைத் தூக்கிப் பார்த்து ஊசியைச் சரிசெய்தேன். கீழே வைத்ததும் அது நனைந்த குரலில் கடமுடவென்று ஓடியது, புகைத்தது, என் சட்டையில் துப்பியது. அப்படித்தான் இருக்கவேண்டும். சின்னத்துரை வட்டத்தின் நடுவில் கம்பியைப் பிடித்து நின்று தலையசைத்தார்.

"தொரை, இது இருமுதுங்க" என்றார் பதுளைப் பிட்டர். "இப்படியே வுட்டா எழும்பாதுங்க. நல்லா முடுக்கணும்."

பெரிய துரை எழுந்து வந்தார். அவரோடு பாதிக் கிளப்பும் வந்தது. விமானத்துக்குமேல் குனிந்து வலது காதைக் கொடுத்தார்.

"பிட்டர். இது இருமு."

"ஆமாங்க தொரை. மேல போனா சரியாகிருங்க."

"மேல எப்படி சரியாகு? கீழயே சரியில்ல. தோட்டத்துல நான் கேட்டேன். நல்ல சத்தம், விசில் மாதிரி. முடுக்கு."

அவர் கேட்டது முதல் ஒத்திகையின் கூவல். அது விழுந்ததை அவர் பார்க்கவில்லை, பங்களாவுக்குள் இருந்தார். சின்னத்துரையைப் பார்த்தேன். வட்டத்துக்கு நடுவிலிருந்து அவருக்கு எல்லாம் புரிந்தது. ஆனால் நிரந்தரமாகாத சின்னத்துரை, நிரந்தரமான பெரிய துரைக்குக் கிளப் முன்னால் மறுப்புச் சொல்வது நடக்காத காரியம். அவர் தன் சப்பாத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

தம்பிமாரே, இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது யோசிக்கக் கிடைக்கிற நேரம் மிகக் கொஞ்சம், எண்ணெய் தீர்ந்துகொண்டேயிருக்கும். ஊசியை உள்ளே முடுக்கினால் விமானம் விழும். யார் முடுக்கச் சொன்னது என்று யாரும் நினைவு வைக்கமாட்டார்கள். யார் கை ஊசியில் இருந்தது என்பதைத்தான் நினைவு வைப்பார்கள். முடியாது என்று சொன்னால், விமானம் பறந்தாலும் துரை தோற்பார். தோற்ற துரை யாருக்கும் வீடு கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இரண்டு பக்கமும் லயத்து அடுப்புதான்.

"சரிங்க தொரை" என்றேன்.

குனிந்தேன். ஊசியின் தலையைப் பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்தேன். எல்லாரும் பார்க்க மணிக்கட்டைத் திருப்பினேன். விரலெல்லாம் விளக்கெண்ணெய்; வழுக்குவதற்கு அதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கை திரும்பியது. ஊசி இருந்த இடத்திலேயே இருந்தது.

நிமிர்ந்து துரையைப் பார்த்தேன். அவர் காதைக் கொடுத்தார். நெற்றியில் சுருக்கம் போட்டார்.

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம் மணிக்கட்டைத் திருப்பினேன்.

"ஆ" என்றார் துரை. முகம் மலர்ந்தது. "இப்போ கேளு."

கூட நின்ற துரைமாரும் கேட்டார்கள். ஒருவர் பின் ஒருவராகத் தலையாட்டினார்கள். ஒரு துரைசானி, வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது என்கிற மாதிரி ஏதோ சொன்னார். பதுளைப் பிட்டர் மட்டும் விடுவாரா?

"இப்பதாங்க சரி. நான் சொன்னது இதைத்தானுங்க."

விமானத்தை விட்டேன். இருமிக்கொண்டே புல்லில் ஓடியது, இருமிக்கொண்டே எழும்பியது. மேலே போனதும் சத்தம் தெளிந்தது. தெளிந்து, நீண்டு, ஒரே சீராகக் கூவிக்கொண்டு வட்டம் வட்டமாகப் போனது. சின்னத்துரை அதைத் தலைகீழாகத் திருப்பினார், தரையைத் தொடுமளவு இறக்கினார், குடைகளுக்கு நேரே கொண்டுபோய்க் குடைக்காரர்களை ஓடவைத்தார். எண்ணெய் தீர்ந்துதான் இறங்கியது. பெரிய துரைக்கு எல்லாரும் கைகொடுத்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு சின்னத்துரை விமானத்தை எடுக்க வந்தார். மெல்லக் கேட்டார்: "நீ திருப்பினியா?"

"கையைத் திருப்பினேங்க."

அவர் புல்லில் உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கம்பியெல்லாம் சிக்கிப்போனது. அதை அவிழ்க்கப் பொழுது சாயும்வரை ஆனது.

பெரிய துரை இரண்டு பிட்டர்களையும் காருக்குப் பக்கத்தில் நிறுத்தித் தீர்ப்புச் சொன்னார். பதுளைப் பிட்டரைக் காட்டி, "நீ பேசுற ஆளு." என்னைக் காட்டி, "இது கேக்குற ஆளு. எனக்குக் கேக்குற ஆளு வேணும்."

அடுத்த மாதம் வீடு மாறினோம். என் மனைவி முதல்நாள் அடுப்பை மூட்டிவிட்டு வெளியே ஓடிவந்து கூரையைப் பார்த்தாள். புகை மேலே போய்க்கொண்டிருந்தது. மகள் உள்ளே உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை உங்களுக்கு எழுதியிருக்கமாட்டேன். வேலையில் ஒரு வித்தை பலித்தால் அதற்கும் பராமரிப்பு உண்டு. தன் காதுக்கு இஞ்சின் அடங்கும் என்று பெரிய துரைக்குத் தெரிந்துவிட்டது. தினமும் பெரட்டு முடிந்ததும் ஸ்டோருக்கு வந்தார். பெரிய இஞ்சினுக்குப் பக்கத்தில் வலது காதைக் கொடுத்து, "முடுக்கு" என்பார், "தளத்து" என்பார். நான் கையைத் திருப்புவேன். கொஞ்ச நாள் அது போதுமாக இருந்தது. பிறகு தானே திருப்ப ஆசைப்பட்டார். ஒரு நாள் நான் எண்ணெய் டின்னை எடுக்கத் திரும்பிய நேரத்தில், வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னரின் திருகாணியில் கைவைத்துவிட்டார். இஞ்சின் பேய் பிடித்து ஓடியது. வார்ப்பட்டை படபடவென்று அடித்தது. மேலே ரோலர்கள் இலையைப் போட்டு உருட்டிய உருட்டில் டீமேக்கர் படியில் குதித்து வந்தார். நான் அதற்குள் வேகத்தை இறக்கிவிட்டேன்.

டீமேக்கர் துரையின் இடது காதுப் பக்கமாக வந்து நின்றுகொண்டு சொன்னார்: "பிட்டர், இன்னும் கொஞ்சம் எண்டால் இலை முழுக்கக் கருகியிருக்கும். உம்மட துரையை எடுத்து அங்கால வையும்."

துரையை எடுத்து வைக்க முடியாது. ஆகவே வேறொன்றை எடுத்து வைத்தேன். ஒரு பழைய பம்பிலிருந்து பெரிய பித்தளைத் திருகாணி ஒன்று கழற்றினேன். இஞ்சின் உடம்பில், துரையின் கைக்கு எட்டுகிற உயரத்தில், வேலையில்லாத ஒரு துளை இருந்தது, அதில் பொருத்தினேன். அடியில் ஒரு ஸ்பிரிங் வைத்தேன். திருப்பும்போது கொஞ்சம் இறுக்கம் வேண்டும். சும்மா சுற்றினால் எந்த முட்டாளுக்கும் சந்தேகம் வரும்.

டீமேக்கர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது எங்க போகுது?"

"எங்கயும் போகலீங்க ஐயா."

அவர் அதை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "அப்ப நல்லாத் துலக்கி வையும்" என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

மறுநாள் துரையிடம், "இது ரொம்ப நுணுக்கமான எடமுங்க. என் காது பத்தலீங்க. நீங்கதான் பாக்கணும்" என்றேன். அதன் பிறகு அவர் கவர்னர் பக்கம் போகவேயில்லை. வருவார், பித்தளையைக் கால் சுற்றுத் திருப்புவார், கேட்பார், திருப்திப்பட்டுப் போவார். ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். ஒரு காலை அவர் எவ்வளவு திருப்பியும் "சரியில்ல, சரியில்ல" என்றார். இப்ப சரிங்க என்று சொல்ல வாயெடுத்தவன், எதற்கும் நானும் கேட்டேன். அடியில் ஒரு பேரிங் தட்டத் தொடங்கியிருந்தது. அந்த ஒற்றைக் காது அன்றைக்கு ஸ்டோரைக் காப்பாற்றியது. ஆகவே காதோடு வருகிறவரை முழுக்கத் தள்ளிவிடாதீர்கள். கையை வேண்டுமானால் தள்ளிவையுங்கள்.

பெரிய துரை சீமைக்குத் திரும்புகிற காலம் வந்தது. புதுத் துரையை ஸ்டோருக்குக் கூட்டிவந்து எல்லாவற்றையும் ஒப்படைத்தார். கடைசியில் இஞ்சினிடம் வந்து பித்தளைத் திருகாணியைக் காட்டினார். எப்படித் திருப்புவது, எவ்வளவு திருப்புவது, எப்படிக் கேட்பது என்று தன் பாஷையில் நீளமாக விளக்கினார். புதுத் துரை இஞ்சினியரிங் படித்தவர் என்று டீமேக்கர் முந்தின நாளே எனக்குச் சொல்லியிருந்தார்.

புதுத் துரை குனிந்தார். விரலைத் திருகாணிக்குப் பின்னால் விட்டுத் தடவினார். அங்கே ஒன்றும் இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் இஞ்சினைப் பார்த்தேன். டீமேக்கர் கூரையைப் பார்த்தார்.

புதுத் துரை பித்தளையைக் கால் சுற்றுத் திருப்பினார். "இப்போ சரியா, பிட்டர்?"

தலையைச் சாய்த்து, வழக்கமாகக் கேட்கிற அளவுக்குக் கேட்டேன். "சரிங்க தொரை."

பெரிய துரைக்குப் பரம திருப்தி. இருவரும் வெளியே போனார்கள்.

மறுநாள் பெரட்டு முடிந்ததும் புதுத் துரை தனியாக வந்தார். வேலை போனால் உடனே ஒப்படைக்க, நான் வீட்டுச் சாவியைக் காற்சட்டைப் பையில் கொண்டுவந்திருந்தேன். மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் இஞ்சினைச் சுற்றி நடந்தார். பித்தளைக்கு முன்னால் நின்றார். நான் ஸ்பானரை எடுத்தேன்.

"கழட்டிரட்டுங்களா தொரை?"

"வேண்டாம்" என்றார். "கொழும்புலேருந்து கம்பெனி ஆளுங்க வருவாங்க. அவங்களுக்கும் காது இருக்கு."

ஸ்பானரைக் கீழே வைத்தேன். துணி ஒன்றை எடுத்துப் பித்தளையைத் துலக்கத் தொடங்கினேன்.